சந்தியிலே தொடங்கும் அந்நிய நகரம்

வெளிநாட்டுப் புலமைப்பரிசில் பெற்று, இரண்டு மூன்று ஆண்டுகள் அந்நிய நகரொன்றில் வாழ்ந்து மீண்ட நம்மவர் சொல்லும் கதைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. உப்பு வாங்கப் போய்ச் சீனி வாங்கி வந்த கதை. தபாற் கந்தோரிலே முத்திரை கேட்பதற்குக் கையாலும் கண்ணாலும் அபிநயம் பிடித்த கதை. வைத்தியரிடம் வயிற்று வலியை விளக்கப் போய் நெஞ்சு வலிக்கு மருந்து பெற்று வந்த கதை. தேநீர் வேளையில் இவை சொல்லப்படும், எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்ததுண்டு. ஒருநாள் அச் சிரிப்பின் நடுவே எனக்கு என் தாயாரின் நினைவு வந்தது. அவர் கடல் கடந்தவர் அல்லர். ஹாலிஎலவுக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து, அதே மலையிலே கொழுந்தெடுத்து, அதே மலையிலே ஓய்ந்தவர். ஆயினும் அக் கதைகள் யாவும் அவருடைய கதைகள். அவர் சொல்லும்போது எவரும் சிரிப்பதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

அந்நிய நகரம் என்பது யாது? கடவுச்சீட்டும் விமானப் பயணமும் அதற்கு இலக்கணமாகா. தன் கருமத்தைத் தன் வாயாற் சொல்லி முடிக்க இயலாமல், பிறன் வாயை இரவல் வாங்க வேண்டிய இடம் எதுவோ அதுவே ஒருவனுக்கு அந்நிய நகரம். இவ்விலக்கணத்தின்படி நோக்கின், ஊவாத் தோட்டங்களில் நான்கைந்து தலைமுறையாக வாழும் ஒருவனுக்கு அந்நிய நகரம் ஹாலிஎலச் சந்தியிலேயே தொடங்கிவிடுகின்றது. அதைத் தொடக்கி வைத்தவர் யார் என்பது யாவரும் அறிந்த பழைய வழக்கு. அதனை இன்றளவும் அழியாது காப்பவர் யார் என்பதே இக் கட்டுரையின் வழக்கு. அவ்வழக்கிலே எதிரிக் கூண்டில் நிற்போருள் நாமும் உளோம்.

ஹாலிஎலவை அறியாதார் பொருட்டு ஒரு சொல். பேரகலையிலிருந்து பண்டாரவளை வழியாக வரும் வீதியும், நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாக வரும் வீதியும் அங்கே கூடிப் பதுளையை நோக்கி ஒன்றாய்ச் செல்கின்றன. 1924 ஆம் ஆண்டு பதுளையை எட்டிய புகையிரதப் பாதையிலே பதுளைக்கு முந்திய நிலையம் அது. தெமோதரை, உடுவரை, ஹாலிஎல, பதுளை என்று சக்கரங்களின் தாளத்தோடு சேர்த்து மனனம் செய்த பெயர்கள் எமக்கு. நிலையத்துப் பெயர்ப்பலகையிலே சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒன்றன்கீழ் ஒன்றாய் எழுதப்பட்டிருக்கும். நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதற் சொற்களுள் ஒன்று அப்பலகையில் இருந்தது. பின்னாளிலே, அப்பலகையைப் போல் இம் மாவட்டத்தின் எல்லா அலுவலகங்களும் இருந்துவிட்டால் எவ்வளவு நன்று என்று எண்ணியதுண்டு.

தோட்டத்திலிருந்து ஒருவர் நகரத்துக்கு இறங்குவது உல்லாசத்துக்காக அன்று. பிள்ளையின் பிறப்பைப் பதிய வேண்டும்; சாதாரண தரப் பரீட்சைக்கு முன் அடையாள அட்டை எடுக்க வேண்டும்; வைத்தியசாலையிலே மாதாந்தக் கிளினிக்; வங்கியிலே தோடு அடகு; எல்லைச் சண்டைக்குப் பொலிஸ் முறைப்பாடு. இவற்றுள் ஒன்றேனும் ஞாயிற்றுக்கிழமையில் நடவாது. ஆகவே ஒரு நாட் 'பேர்' போகும். தோட்டத்தார்க்குப் பேர் என்பது பெயரன்று, ஒரு நாட் கூலி. பேர் விழுந்தால் அன்றைய சம்பளம் உண்டு, அரைப்பேர் ஆனால் பாதி, போகாவிட்டால் ஒன்றுமில்லை. 2024 செப்டெம்பரிலே அந்நாட் கூலி 1,350 ரூபா என விதிக்கப்பட்டது. அலுவலகச் சாளரத்தின் பின்னிருந்து எழும் 'நாளைக்கு வா' என்ற வார்த்தையின் விலை, பஸ் கட்டணம் நீங்கலாக, அன்று அவ்வளவு. என் தாயார் சிங்களத்திலே திண்ணமாகக் கற்ற முதற் சொல் 'ஹெட்ட' என்பது. நாளை என்று பொருள்.

இந்நிலை எவ்வாறு உருவாயிற்று? மொழியை மட்டும் காரணமாகச் சொல்வோர் பாதி உண்மையையே சொல்கின்றனர். கோப்பி நாட்டப்பட்ட காலந்தொட்டே தோட்டம் என்பது ஓர் அரசுக்குள் மற்றோர் அரசாக இருந்தது. துரை மன்னன், கணக்கப்பிள்ளை அமைச்சன், கங்காணி சேனாபதி. தொழிலாளி நகரத்துக்குப் போக வேண்டும் என்று எவரும் எதிர்பார்த்ததில்லை, போகாதிருக்க வேண்டும் என்றே எதிர்பார்த்தனர். கடன் தீர்ந்ததென்று துரை எழுதித் தரும் 'துண்டு' இன்றி அவன் வேறு தோட்டத்திலே வேலை தேட இயலாதிருந்தது. அம்முறை 1921 ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் நீக்கப்பட்டது. துண்டு போயிற்று, ஆயினும் அரசுக்கும் தொழிலாளிக்கும் நடுவே தோட்டக் கந்தோர் நின்றது நின்றபடியே இருந்தது. கடிதத்தை எடுத்துக் கொள்ளுங்கள். நெடுங்காலமாக லயத்துக் காம்பராக்களுக்கு இலக்கமோ வீதிப் பெயரோ இல்லை. எல்லாக் கடிதமும் தோட்டத்தின் பெயருக்கே வரும். கந்தோர் மேசையிலே கிடக்கும். யாரேனும் மேலே போகும்போது எடுத்துச் செல்வர், அல்லது செல்லார். நேர்முகப் பரீட்சை முடிந்த மறுவாரம் நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதம் கைக்கு வந்தவர்கள் எங்கள் லயத்திலேயே உளர். ஒரு மனிதனுக்கு அரசு எழுதும் மடல், அவனுடைய முதலாளியின் மேசையைத் தாண்டியே அவனை அடையும் என்றால், அவன் எந்த நாட்டின் பிரசை?

அக் கேள்விக்கு 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் விடை தந்தது: எந்த நாட்டின் பிரசையும் அல்லன். அதற்கு முந்திய ஆண்டிலே நடந்த பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றிருந்தது. அவற்றுள் பதுளையும் ஒன்று. அடுத்த தேர்தல் வந்தபோது அவ்வாக்காளர்கள் இடாப்பில் இல்லை. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாக வகுக்கப்பட்டனர். அடகுக் கடையிலே நகை நிறுப்பதுபோல் மாந்தரை நிறுத்த இக் கணக்கைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. 1988 ஆம் ஆண்டின் சட்டமும் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் என்ற பெயரை நீக்கின. ஆனால், நாற்பது ஆண்டுகள் நாடற்றிருந்தவன் நகரத்துக் கந்தோருக்குள் எப்படி நுழைவான் என்பதைச் சட்டப் புத்தகம் பார்த்து அறிய இயலாது. அவன் படியிலேயே செருப்பைக் கழற்றுவான். எவரும் கழற்றச் சொல்லாதிருக்கவே கழற்றுவான். உள்ளே மாத்தையா இருக்கிறார்.

உள்ளூராட்சியும் அவனைத் தீண்டவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புக்களுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018 இலேதான். வாக்குக் கேட்க மட்டும் லயத்துக்கு வீதி இருந்தது.

இனி மொழிக்கு வருவோம். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தைப் பற்றி நம் சஞ்சிகைகளில் எழுதாதார் இல்லை. அச்சட்டத்தின் பின்னிருந்த ஒரு நியாயத்தை நாம் மறைத்தல் தகாது. அதற்கு முன்னர் ஊவாவின் சிங்கள விவசாயி தன் காணி அலுவலுக்குப் பதுளைக் கச்சேரிக்குப் போனால், அங்கே ஆங்கிலத்தின் முன் ஊமையாய் நின்றான். மனு எழுதித் தருவோனுக்குக் காசு கொடுத்தான். தன் பிறந்த மாகாணத்தின் தலைநகர் அவனுக்கு அந்நிய நகரமாயிருந்தது. அதனை மாற்ற வேண்டுமென்று அவன் கேட்டமை முற்றிலும் நியாயமே. கொடுமை யாதெனின், அவனுடைய ஊமை நீங்கிய அன்றே பக்கத்து மலையில் இருந்தவனின் ஊமை சட்டமாக்கப்பட்டமை. தாம் பட்ட துன்பம் இன்னதென்று நன்கு அறிந்தவர்களே அதனைப் பிறர்க்கு இயற்றினர்.

ஆயினும் அது 1956. அதன்பின் சட்டம் நெடுந்தூரம் நடந்துவிட்டது. 1958 இல் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம். 1966 இல் அதன் ஒழுங்குவிதிகள். 1978 அரசியலமைப்பில் தமிழுக்குத் தேசிய மொழி என்ற பட்டம். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. 1988 இல் பதினாறாம் திருத்தம் அதனை நிருவாகத்துக்கு விரித்தது. அதன்படி, வடக்குக் கிழக்குக்கு வெளியே சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் பகுதியில் வாழும் ஒருவரும் அலுவலர்க்குத் தமிழில் எழுதலாம், தமிழில் விடை பெறலாம். மொழிச் சிறுபான்மையினரின் விகிதத்தை நோக்கி, உதவி அரசாங்க அதிபர் பிரிவுகளிலே இரு மொழியையும் நிருவாக மொழியாக்க ஜனாதிபதி பணிக்கலாம். 1999 நவம்பரில் வெளியான வர்த்தமானியிலே அங்ஙனம் பணிக்கப்பட்ட பதுளை மாவட்டப் பிரிவுகளுள் ஹாலிஎலவும் ஒன்று.

இதனை நிறுத்தி வாசிக்க வேண்டும். ஹாலிஎலவிலே தமிழ் நிருவாக மொழி. சலுகையன்று, மொழிபெயர்ப்புதவியன்று, சிங்களத்தோடு ஒப்ப நிருவாகம் நடத்தற்குரிய மொழி. கால் நூற்றாண்டுக்கு மேலாக அது சட்டம். நம் வகுப்பிலே மலையகத்திலிருந்து வந்த மாணவர் இருபதின்மரிடம் இதனை நான் கேட்டேன். ஒருவர்க்கும் தெரியாது. விரிவுரையாளர் சிலரிடமும் கேட்டேன். அவர்களுக்கு 1956 ஆம் ஆண்டு மட்டும் மிக நன்றாகத் தெரிந்திருந்தது. மொழியுரிமை மீறப்படின் முறையிடுவதற்கென்று அமைச்சு ஏற்படுத்திய தொலைபேசி இலக்கமும் 1956 என்றே அமைந்தது. அதனைத் தெரிந்தெடுத்தவர் வஞ்சப் புகழ்ச்சியணி கற்றவராதல் வேண்டும்.

ஈண்டு ஒரு சாரார் எழுந்து, 'சிங்களத்தைக் கற்றுக்கொண்டால் இத்தொல்லை ஏது?' என்பர். இக் கூற்று இரு திசையிலிருந்தும் வருகின்றது. கொழும்பிலே வசதியாக வாழும் தமிழரும் இதைச் சொல்கின்றனர். அவர்க்கு விடை: தோட்டத்து மக்கள் சிங்களம் அறியாதவர் அல்லர். ஹாலிஎலச் சந்தையிலே மரக்கறி விற்கும் கிராமத்துப் பெண்ணோடு என் தாயார் பேரம் பேசுவதைக் கேட்டால், அவரை அம்மொழிக்கு அயலார் என எவரும் எண்ணார். அந்தப் பெண்ணும் தமிழிலே விடையிறுப்பாள். இருவரும் ஒருவர் மொழியை மற்றவர் பேசி ஒருவரையொருவர் ஏமாற்ற முயல்வர். இருவரும் சிரித்துப் பிரிவர். அது அயலாரின் மொழியறிவு, மிக மேலானது. ஆனால் செவியாற் கற்ற மொழி சந்தைக்கு உதவும், படிவத்துக்கு உதவாது. பொலிஸ் நிலையத்திலே தான் சொன்னது ஒரு மொழி, எழுதப்பட்டது மறு மொழி, எழுதப்பட்டதை வாசிக்கத் தெரியாமல் அதன்கீழ் ஒப்பமிடுவது எனில், அவ்வொப்பம் எதற்குச் சாட்சி? நான் சிங்களம் கற்றவன், கற்றமைக்காக மகிழ்பவன். நான் சொல்வதெல்லாம், உரிமையைப் பெறுவதற்கு மொழி கற்க வேண்டும் என்ற நிபந்தனை எந்த உரிமைக்கும் விதிக்கப்படலாகாது என்பதே.

சந்தையைப் பற்றிச் சொன்னேன். அதனை இன்னும் சற்றே நோக்க வேண்டும், ஏனெனில் விடயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கின்றது. பதுளைக் கடைவீதி ஒருநாளும் எமக்கு அந்நியமாய் இருந்ததில்லை. 1983 ஜூலையில் அக் கடைவீதியின் தமிழ்க் கடைகள் எரியூட்டப்பட்டன; பலர் திரும்பவில்லை; வீதியின் முகமே மாறிற்று. ஆயினும் மறுபடி சம்பள நாள் வந்தபோது, கடை நடத்தியவர் எவராயினும் தமிழ் பேசினர். சிங்கள முதலாளி 'வாங்கம்மா, என்னா வேணும்' என்றே அழைத்தார். அவருக்கு எந்தச் சுற்றறிக்கையும் போகவில்லை. மொழித் தேர்ச்சிப் பரீட்சையும் இல்லை. ஊக்குவிப்புக் கொடுப்பனவும் இல்லை. ஆயினும் கற்றார். அரசாங்க அலுவலரோ, 2007 ஜூலை முதலாம் நாளின் பின் சேவையிற் சேர்ந்தவராயின், ஐந்தாண்டுக்குள் இரண்டாம் அரசகரும மொழியில் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்று சுற்றறிக்கை உண்டு. அவர் பரீட்சையிலே சித்தி எய்துகின்றார், சாளரத்திலே மௌனமாகின்றார். ஏன்?

விடை எளிது. கடையிலே மொழி விளங்காவிட்டால் நட்டம் விற்பவனுக்கு. அலுவலகத்திலே விளங்காவிட்டால் நட்டம் வந்தவளுக்கு. முதலாளி தமிழறியாதிருந்தால் அவர் அரிசி மூட்டை விலைப்படாது. அலுவலர் தமிழறியாதிருந்தால் அவர் சம்பளத்தில் ஒரு சதமும் குறையாது. மலையிலிருந்து வந்தவளின் பேர்தான் குறையும். சட்டம் மொழியை மாற்றிற்றேயன்றி நட்டத்தை இடம் மாற்றவில்லை. 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க அரசகரும மொழிகள் ஆணைக்குழுச் சட்டத்திலே, உரிய மொழியில் கருமமாற்ற வேண்டுமென்றே மறுக்கும் அலுவலரைக் குற்றவாளியாக்கும் ஏற்பாடு உண்டு. வேண்டுமென்றே மறுத்தார் என்பதை நிறுவுவதற்கு முறையிட வேண்டியவர் யார்? ஒரு பேர் போனதற்கே அழுதவள் மேலும் பத்துப் பேர் இழந்து முறையிடுவாளா?

இவ்விடத்திலேதான் நாம் வருகின்றோம். அவள் முறையிடாமைக்குக் காரணம் அவளுடைய வறுமை மட்டுமன்று. நாம் அவளுக்கு உதவுகின்றோம் என்பதும் ஒரு காரணம். தோட்டந்தோறும் படித்த ஒரு பையன் இருப்பான். படிவம் நிரப்புவான், கூடப் போவான், மாத்தையாவோடு சிங்களத்திற் பேசுவான். அலுவல் முடியும். அலுவலகத்தின் கணக்கிலே ஒரு பயனாளி சேவை பெற்றுச் சென்றாள். தமிழ்ப் படிவம் இல்லை என்பது எந்த ஏட்டிலும் பதியப்படாது. அந்தப் பையன் அலுவலகத்தின் ஊதியமில்லா ஊழியன். அவனுக்கு அது தெரியாது. உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்த காலத்தில் எங்கள் லயத்துக்கு அந்தப் பையன் நானாய் இருந்தேன். மிகுந்த பெருமையோடு இருந்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு மட்டும் தேநீருக்குச் சீனி கூட விழும்.

அடுத்த காம்பராவில் இருந்த பெரியவர் ஐம்பத்தைந்து வயது முடிந்து தம் சேமலாப நிதிப் பணத்துக்கு விண்ணப்பித்தார். நான்தான் நிரப்பினேன், சிங்களத்தில். அவர் பெயரின் முதலெழுத்துக் ககரம். தமிழிலே ஒரு ககரந்தான். அது எங்கே எப்படி ஒலிக்கும் என்பதைப் பேசுவோன் அறிவான். சிங்களத்திலோ வல்லொலிக்கு ஓரெழுத்து, மெல்லொலிக்கு வேறெழுத்து. வடமொழிப் பெயராதலின் மெல்லொலியே சரி என்று நான் தீர்மானித்தேன். படித்தவன் அல்லவா? அவருடைய அடையாள அட்டையிலே, முப்பதாண்டுக்கு முன் எவரோ வல்லொலி எழுத்தை இட்டிருந்தார். அக்காலத்து அட்டையில் சிங்களம் மட்டுமே உண்டு. தமிழும் சேர்ந்து அச்சிடப்பட்டது 2014 முதல். இரண்டையும் நான் ஒப்பு நோக்கவில்லை. ஓரெழுத்தினால் அவர் இருவரானார். ஒருவர் உழைத்தவர், மற்றவர் பணம் கேட்டவர். இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்கவும் கையொப்பங்கள் தேடவும் பதினான்கு மாதம் சென்றது. ஆறு முறை அவர் பதுளைக்கு இறங்கினார். கண் மங்கியமையால் ஒவ்வொரு முறையும் மருமகள் ஒரு பேரை விட்டுவிட்டுக் கூடப் போனாள். அவர் என்னை ஒரு சொல் ஏசவில்லை. 'தம்பி எழுதினதுல தப்பு இருக்காது, அவுங்கதான் ஏதோ மாத்திட்டாங்க' என்றே கடைசி வரை சொன்னார். அவ் விண்ணப்பத்தைத் தமிழில் எழுதியிருந்தால் அதே ககரம். அவர் தாமே எழுத்துக் கூட்டி வாசித்திருப்பார். எந்த எழுத்து என்று தேர்வது அலுவலகத்தின் கடமையாயிருந்திருக்கும், பிழைத்தால் அவர்கள் பிழையாயிருந்திருக்கும். நட்டம் யாரிடம் விழும் என்று மேலே சொன்னேனே, அதனை நான் ஏட்டிலிருந்து கற்கவில்லை.

இனி, தமிழ்ப் படிவம் உள்ள இடங்களின் நிலை யாது? அங்கும் நம்மவர் கைவண்ணம் காணலாம். கணவனை இழந்தவள் 'வீட்டுக்காரர் செத்துப் போனாரு' என்கின்றாள். படிவமோ 'வாழ்க்கைத்துணைவர் மரணித்தவராயின் அன்னாரது' என்று தொடங்கி, வினைமுற்றை எட்டு முன் பக்கத்தின் இறுதியை எட்டிவிடுகின்றது. சிங்களப் படிவத்தின் முன் அவள் தமிழச்சியாதலால் ஊமை. தமிழ்ப் படிவத்தின் முன் தொழிலாளியாதலால் ஊமை. இத்தமிழை எழுதியவர் நம் பட்டதாரிகள். கலைச்சொல் ஆக்கத்திலே நம் பல்கலைக்கழகங்கள் காட்டிய உழைப்பை நான் மதிக்கின்றேன். ஆயினும், 'பேர்' என்ற ஒரு சொல்லுக்கு ஊவாவில் என்ன பொருள் என்று அறியாத ஒருவர் ஊவாவின் தொழிலாளிக்குப் படிவம் எழுதக் கூடாது. (இக் கட்டுரையின் நடையை எடுத்துக் காட்டி என்னையே மடக்கலாம் என்று நினைப்போர்க்கு: இது படிவமன்று, நீங்கள் வாசித்து முடிக்கவில்லை என்பதற்காக எவரும் உங்கள் பணத்தை நிறுத்தி வைக்கப் போவதில்லை.)

கடல் கடந்த உண்மையான அந்நிய நகரத்தை ஒருகணம் நோக்குவோம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே தமிழுக்கு எவ்வித ஆட்சியுரிமையும் இல்லை. ஆயினும் வாகனம் ஓட்டும் அனுமதிக்கான அறிவுப் பரீட்சையைத் தமிழிலே எழுதலாம். நேற்றுக் குடிபுகுந்தவன் விதியை விளங்கிக்கொள்ளாமல் வீதிக்கு வந்தால் ஆபத்து எல்லோருக்கும் என்று அங்கே கணக்கிட்டனர். நட்டம் தம்மீதும் விழும் என்று கண்டால் எந்த அரசும் எந்த மொழியும் பேசும். இருநூறாண்டு வரலாறும் அரசியலமைப்பும் வர்த்தமானியும் உள்ள ஹாலிஎலவில் அக்கணக்கு இன்னும் போடப்படவில்லை. அங்கிருந்து வரும் உறவினர் இதனைப் பெருமையோடு கூறும்போது, 'தமிழ் உலகமெங்கும் பரவுகின்றது' என்று நாம் கைதட்டுகின்றோம். நம் ஆண்டு விழாவிலே அதற்கு ஒரு பட்டிமன்றமும் வைக்கின்றோம்.

'அப்படியானால், சட்டம் நடைமுறைக்கு வரும்வரை முதியவள் வெயிலில் நிற்கட்டும், படித்தவன் உதவலாகாது என்கின்றீரா?' என்று நல்ல நெஞ்சினர் கேட்பர். நியாயமான கேள்வி, என்னை நானே பல இரவுகள் கேட்டது. உதவ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உதவியின் மொழியை மாற்றுங்கள் என்கின்றேன். கூடப் போங்கள். படிவத்தைத் தமிழிலே நிரப்புங்கள். தமிழ்ப் படிவம் இல்லையெனின் வெள்ளைத் தாளிலே தமிழில் எழுதுங்கள். ஏற்க மறுத்தால் மறுப்பை எழுத்திற் கேளுங்கள். எழுத்தில் மறுக்கும் துணிவுடையார் மிகச் சிலர். உடன் நின்று, நேரத்தையும் நாளையும் குறித்து, முறைப்பாட்டை அன்றே அனுப்புங்கள். அன்று போகும் பேர் நம்முடையதாகட்டும். விரிவுரைக்கு ஒருநாள் வராதிருத்தலால் நமக்குக் கூலி குறையாது. சிங்கள நண்பர் எவரேனும் கூட வந்தால் மிக நன்று. என் அநுபவத்திலே, தமிழ்ப் படிவம் எங்கே என்று சிங்களத்திலே கேட்கும் ஒரு குரலுக்கு அலுவலகம் மிக விரைவில் அசைகின்றது. அது நல்லதா கெட்டதா என்று பின்னர் ஆராயலாம்.

நம் சங்கத்திலே ஊவாவிலிருந்து வந்தவர் குறைந்தது முப்பதின்மர் உளர். இவ்வாண்டும் நாடக விழாவுக்கும் மலர் அச்சிடுவதற்கும் பணம் திரட்டியுள்ளோம். ஹாலிஎலவிலும் பதுளையிலும் பொதுமக்கள் செல்லும் அலுவலகங்களிலே எந்த எந்தப் படிவம் தமிழில் உண்டு, எது இல்லை என்ற ஒரு பட்டியல்தானும் நம்மிடம் இல்லை. ஐந்து பேர் ஒரு விடுமுறையிலே செய்து முடிக்கக்கூடிய வேலை அது. சங்கச் செயற்குழுவிலே இதனை நான் ஒருமுறை முன்மொழிந்தபோது, 'இது இலக்கியச் சங்கம்' என்று விடை வந்தது.

என் தாயாரின் அடையாள அட்டை அழிந்து எழுத்து மங்கிவிட்டது. புதிது எடுக்க வேண்டும். வரும் ஆவணி விடுமுறைக்கு ஊர் செல்கின்றேன். விண்ணப்பத்துக்குரிய விவரங்களைத் தமிழிலே எழுதி அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று முறை வாசித்து, தம் தகப்பனார் பெயரில் நான் விட்ட ஒற்றெழுத்தைச் சுட்டிக் காட்டித் திருத்தினார். பின்னர், 'இத அங்க வாங்குவாங்களா?' என்று கேட்டார். தெரியாது என்றேன். காலை ஆறரைக்குப் பஸ்.